கீமோ காலத்தில் வீட்டுக் கைபேசி

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், பரவிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சிரைப்பு, பேதி, கை கால் மரத்துப்போவது என 12 தொந்தரவுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கணினி வழியே அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல மருத்துவரைப் பார்க்கும் நாளில் வாயால் சொன்னார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, அனுப்பிய பிரிவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றப் பிரிவுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மதிப்பெண் மோசமானால் ஒரு செவிலியருக்கு மின்னஞ்சல் போனது, அவர் கூப்பிட்டு மருந்தை மாற்றினார் அல்லது உடனே வரச் சொன்னார். அவ்வளவுதான்.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத விவரம் ஒன்று உண்டு. அதற்கு முன் கணினியே பழகாதவர்களுக்குத்தான் வாழ்க்கைத்தரத்திலும் மற்றப் பலன்களிலும் கூடுதல் நன்மை கிடைத்தது. "எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிப் போனைப் பிள்ளை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் தடையாக இருப்பது பெரும்பாலும் தொழில்நுட்பம் இல்லாதது அல்ல. நோய் ஒருவருக்கு, போன் இன்னொருவர் பையில். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் 15-49 வயதுப் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் வரும் வயதில் உள்ள பலர் இந்தக் கணக்கெடுப்பின் வயது வரம்பையே தாண்டியவர்கள்.

ஆகவே எந்தச் செயலியை இறக்குவது என்ற கேள்வி பிறகு வரட்டும். முதலில் எண்.

பதிவு எண்ணாக எதைக் கொடுப்பது

மருத்துவமனையில் முதல் நாள் பதிவுச் சீட்டு போடும்போது கேட்கும் கைபேசி எண்ணை அவசரத்தில் யாரோ சொல்லிவிடுகிறார்கள். கூட வந்த மைத்துனர், காரை ஓட்டி வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருடைய எண்ணாவது ஏறிவிடும். அடுத்த ஐந்தாண்டுகளுக்கு ரிப்போர்ட் இணைப்பு, தேதி மாற்றம், ஓடிபி, பின்தொடர் அழைப்பு எல்லாம் அந்த எண்ணுக்கே போகும். நோயாளியிடம் சொந்த எண் இருந்தால் அதை முதல் எண்ணாகவும், சிகிச்சை முடியும்வரை கூடவே இருக்கப்போகிறவரின் எண்ணை இரண்டாவதாகவும் கொடுங்கள். பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, எஸ்எம்எஸ் வரும். ஏற்கெனவே தவறான எண் ஏறியிருந்தால் பதிவு கவுன்ட்டரில் கேட்டு மாற்றிவிடுங்கள். மருத்துவரிடமோ வார்டு செவிலியரிடமோ சொன்னால் மாறாது.

ரீசார்ஜும் இல்லாமல், எந்தப் பயன்பாடும் இல்லாமல் 90 நாள் கிடந்தால் சிம் துண்டிக்கப்படலாம். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனபின் பெரியவர்களின் எண் இப்படித்தான் சாகிறது. ஆறு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டால் முன்பின் தெரியாத யாரோ எடுப்பார்.

ஆதாரோடு இணைந்திருக்கும் எண் உயிரோடு இருக்கிறதா என்பதை முதல் கீமோவுக்கு முன்பே பாருங்கள். இதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியலாம். சிலருக்கு விரல் ரேகையே மழுங்கிவிடும். இந்த மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ரேகை பதியாததால் அமெரிக்க விமான நிலையத்தில் மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட நிகழ்வு, 2009-இல் மருத்துவ இதழிலேயே வந்தது. நம் ஊரில் அதே தொல்லை ரேஷன் கடையிலும், வங்கியிலும், காப்பீட்டுச் சரிபார்ப்பிலும் வரும். விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். உரிந்த விரலுக்கு அது ரணம்தான். "மருந்தால் ரேகை போயிருக்கிறது, ஓடிபி அல்லது கருவிழி வழியே பாருங்கள்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஓடிபி வருவதற்கு எண் ஓட வேண்டும். போனின் பூட்டையும் ரேகையை மட்டும் நம்பி வைக்காதீர்கள். நான்கிலக்க அல்லது ஆறிலக்க எண் ஒன்று நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் தெரிந்திருக்கட்டும். முடியும் புருவமும் உதிர்ந்து, முகம் மெலிந்து, முகக்கவசமும் போட்டபின் முகப்பூட்டும் அடம்பிடிக்கும்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆதாரில் முன்னெழுத்து கடைசியில் இருக்கும், பயாப்ஸி ரிப்போர்ட்டில் முதலில் இருக்கும், காப்பீட்டு அட்டையில் முன்னெழுத்தே இருக்காது, ஊர் லேபில் போட்ட வயது நான்கு கூடுதலாக இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், முன் அனுமதி மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலிருந்து கணினி வழியேதான் போகிறது. பெயர் ஒட்டாத பயாப்ஸி ரிப்போர்ட் போனால் அது கேள்வியோடு திரும்பி வரும், கீமோ தேதி தள்ளிப்போகும். முதல் நாளிலிருந்தே எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலையே சொல்லுங்கள். லேபில் பில் போடும்போதே ஆதாரைக் காட்டிவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் அதைக் கொடுத்த லேபே திருத்திக் கையெழுத்திட்டுத் தரும். அடித்து எழுதியதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

ரிப்போர்ட்டும் ஸ்கேனும்

புற்றுநோய்க்காரர் ஒருவரின் ஃபைல் ஓராண்டில் இரண்டு கிலோ கனத்துக்கு வந்துவிடும். அதில் உயிர்நாடியான தாள்கள் பத்துக்குள்தான். முதல் பயாப்ஸி ரிப்போர்ட், அதோடு ஐஎச்சி எனப்படும் சாயச் சோதனை (மார்பகம் என்றால் ஈஆர், பிஆர், ஹெர்2), சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, வெட்டியெடுத்த கட்டியின் இறுதி ரிப்போர்ட், ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சுருக்கம், கீமோ சார்ட், ரேடியேஷன் சுருக்கம். கடைசி இரண்டையும் பலர் கேட்டே வாங்குவதில்லை. கீமோ சார்ட்டில் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, எத்தனையாவது சுற்று என்பது இருக்க வேண்டும். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு. உடல்பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் பழுதாகும் அபாயம் ஏறும். ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பினால், முன்பு எவ்வளவு போனது என்று தெரியாத மருத்துவரின் கை கட்டப்பட்டுவிடும். ரேடியேஷனும் அப்படித்தான். எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு), எத்தனை தடவை, எந்த இடம் என்பதில்லாமல் அதே பகுதிக்கு மறுபடி கதிர் கொடுக்கத் தயங்குவார்கள்.

இந்தத் தாள்களைப் போனில் எடுக்கும்போது சாதாரணப் படமாக எடுக்காதீர்கள். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. ஐபோனில் குறிப்புச் செயலியில் இருக்கிறது. தாளைத் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் விழாமல் எடுங்கள். ஒரு ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப் ஆகட்டும். இரண்டாம் பக்கத்தை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முடிவும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: 2025-06-18, பிறகு பயாப்ஸி, பிறகு இடம். இப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், ஏனென்றால் தமிழ்ப் பெயர் சில மருத்துவமனைக் கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஈசிஜியும் சில பில்களும் வெப்பத்தாளில் வரும். சில மாதத்தில் வெளுத்துப்போகும் என்பதால் அன்றே எடுத்துவிடுங்கள். லேப் அனுப்பும் இணைப்பு சில வாரத்தில் செத்துவிடும். இணைப்பை அல்ல, கோப்பைச் சேமியுங்கள்.

ஸ்கேன் வேறு விஷயம். பிடிஎஃப் ரிப்போர்ட் என்பது கதிரியல் மருத்துவர் எழுதிய சொற்கள் மட்டும். இன்னொரு மருத்துவமனைக்குப் போனாலும், மூன்று மாதம் கழித்து ஒப்பிட வேண்டுமானாலும், மூலப் படங்கள் வேண்டும். அவை டைகாம் என்ற வடிவில் இருக்கும், ஒரு பெட் சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள். ஸ்கேன் எடுத்த அன்றே குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். வாங்கியதும் வீட்டுக்கு ஓடிவிடாமல் அங்கேயே அல்லது பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கணினியில் போட்டுப் பாருங்கள். டைகாம் (DICOM) என்ற பெயரில் ஓர் அடைவும் (ஃபோல்டர்), டைகாம்டிர் (DICOMDIR) என்ற கோப்பும், பின்னொட்டே இல்லாத ஏராளமான கோப்புகளும் இருந்தால் சரி. வெறும் ஜேபெக் படங்கள் பத்திருபது மட்டும் இருந்தால் அது அலங்காரத்துக்குத்தான் ஆகும், திரும்பப் போய்க் கேளுங்கள். பெயரும் தேதியும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். தட்டு மாறிப்போவதும் உண்டு.

பிறகு அந்த அடைவு முழுவதையும் அப்படியே, உள்ளே எதையும் பிரிக்காமல், ஒரே ஜிப் கோப்பாக்கி மேகச் சேமிப்பில் ஏற்றுங்கள். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் மின்னஞ்சலும் போட்டோக்களும் பங்கு கேட்கும். எனவே சிகிச்சைக்கென்றே தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. மடிக்கணினியில் திறந்து பார்க்க விண்டோஸில் மைக்ரோடைகாம், எந்தக் கணினியிலும் ஓடும் வீசிஸ் (Weasis) போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம் தேசிய வழக்கம். அதில் மருத்துவரால் கட்டியை அளக்கவும் முடியாது, வெளிச்சத்தை மாற்றி நுரையீரலையோ எலும்பையோ தனியே பார்க்கவும் முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படமாகப் போனால் அது சுருக்கி நசுக்கிவிடும். ஆவணமாக 2 ஜிபி வரை அப்படியே போகும்.

எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் மறந்துபோவது மெழுகுக் கட்டிகளை. பயாப்ஸியில் எடுத்த சதையை பாரஃபின் மெழுகில் பதித்து வைப்பதை பிளாக் என்பார்கள். அதிலிருந்து சீவியெடுத்த கண்ணாடித் தகடு ஸ்லைடு. இரண்டாவது மருத்துவமனை ரிப்போர்ட்டை மட்டும் நம்பிக் கீமோ தொடங்காது. பிளாக்கைக் கேட்கும், மரபணுச் சோதனைக்கும் அதுதான் தேவை. எந்தச் செயலியாலும் இதை அனுப்ப முடியாது. லேபில் எழுதிக் கொடுத்து வாங்கி, கையில் எடுத்துப் போங்கள். ஏப்ரல் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மெழுகு இளகிவிடும். ஃபிரீசரிலும் வைக்க வேண்டாம்.

மும்பைக்குப் போகாமல் கருத்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு, டாடா மெமோரியல் மையத்தோடும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்போடும் (நேஷனல் கேன்சர் கிரிட்) இணைந்து இயங்கும் நவ்யா என்ற இணையச் சேவை இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட மையங்கள் அந்தக் கட்டமைப்பில் உள்ளன. அங்கே ஏற்றச் சொல்வதும் மேலே சொன்ன தாள்களைத்தான். ஃபைல் ஒழுங்காக இருக்கும் வீடு ஒரே மாலையில் ஏற்றி முடித்துவிடும்.

ஆபா அட்டையைப் பற்றி ஒரு பத்தி போதும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் கிடைக்கும் 14 இலக்க எண் அது. காப்பீடு அல்ல, இதைக் காட்டினால் சிகிச்சை இலவசமாகிவிடாது. கியூஆர் ஒட்டியிருக்கும் மருத்துவமனையில் வரிசையில் நிற்காமல் ஓபி சீட்டு வாங்க உதவும். பதிவேடுகளை இணைக்கவும் உதவும், ஆனால் அந்த மருத்துவமனை தன் கணினியைத் திட்டத்தோடு இணைத்திருந்தால் மட்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று எண்கள் உருவாகிவிடுவதும், பெயர், பிறந்த ஆண்டு, கைபேசி எண் ஒட்டாததால் ரிப்போர்ட் வந்து சேராததும்தான் வழக்கமான சிக்கல்கள். யாருக்குப் பார்க்க அனுமதி கொடுத்தோம், எதுவரை என்பதைச் செயலியிலேயே பார்த்து ரத்து செய்யலாம். எடுத்து வையுங்கள், ஆனால் அதை நம்பிக் காகித ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.

காய்ச்சல் இரவு

போன் உயிரைக் காப்பாற்றும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை பொதுவாக வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். மருந்தைப் பொறுத்து முன்பின்னாகலாம். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. எதிர்த்துப் போராட அணுக்கள் இல்லாததால் சீழ் கட்டாது, சளி தெரியாது, சில நேரம் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஊசிவழி ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் இலக்கு.

டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வீட்டிலும், ஊர்ப் பயணப் பையில் ஒன்றும் இருக்கட்டும். சூடாகவோ குளிராகவோ எதையும் குடித்து 15 நிமிடம் கழித்து நாக்குக்கடியில் வைத்து, பீப் ஒலி வரும்வரை வாயை மூடியிருக்க வேண்டும். வாய்ப்புண் இருந்தால் அக்குளில் வையுங்கள், அது சற்றுக் குறைவாகவே காட்டும். ஆசனவாய் வழியே பார்க்கவே கூடாது. கிருமி உள்ளே போகும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே தடவை 101-ஐத் தொட்டாலோ அவசரம். உங்கள் மருத்துவமனை வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். வெப்பமானியின் திரையைப் படமெடுத்துவிடுங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு என்பது படத்தோடு பதிவாகிவிடும். கைக்கடிகாரம் காட்டும் தோல் வெப்பத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆக்சிஜன் பார்க்கும் விரல் கருவி, மருதாணி போட்ட விரலிலும் கீமோவால் கறுத்த நகத்திலும் சில்லிட்ட கையிலும் தவறாகக் காட்டும்.

செய்யக்கூடாதது முதலில் பாராசிட்டமால் போடுவது. வெப்பம் இறங்கிவிடும், தொற்று இறங்காது. காலையில் ரத்த அழுத்தம் விழுந்தபின் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும். வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் காய்ச்சலை மறைக்கும். எனவே வெப்பமானி சும்மா இருந்தாலும் நடுக்கமோ குழப்பமான பேச்சோ திடீர் அசதியோ இருந்தால் கூப்பிடுங்கள். போர்ட் அல்லது பிக் லைன் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் பொருத்தி வைக்கும் குழாய்) போட்டவர்களுக்கு அதைக் கழுவிய கொஞ்ச நேரத்தில் உதறலெடுத்தால் குழாயில் கிருமி என்று சந்தேகிக்க வேண்டும்.

கூப்பிடும்போது சொல்ல வேண்டியதை முன்பே எழுதி ஒரே பக்கமாகப் போனில் வைத்திருங்கள்: பெயர், மருத்துவமனைப் பதிவு எண், எந்தப் புற்றுநோய், மருந்துகளின் பெயர், கடைசி கீமோ தேதி, குழாய் இருக்கிறதா, ஒவ்வாமை. தேதியை ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்ற வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். இரவில் 108-இல் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு இந்த ஒரு பக்கம் ஐந்து நிமிட விளக்கத்தைவிட மேல். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'பாதுகாப்பும் அவசரநிலையும்' என்ற பகுதியில் மருத்துவத் தகவலை நிரப்பினால் பூட்டிய திரையிலிருந்தே பார்க்க முடியும். மருத்துவமனையின் இரவு எண்ணை முதல் கீமோ அன்றே கேளுங்கள். இரவு பத்து மணிக்கு அது அடிக்கிறதா என்று ஒரு தடவை பரிசோதித்தும் பாருங்கள். பகலில் மட்டும் எடுக்கும் உதவி எண்கள் நிறைய.

காய்ச்சல் இல்லாத வாரங்களுக்கு, நியூயார்க் ஆய்வின் உள்ளடக்கத்தை வீட்டிலேயே செய்யலாம். வாரம் ஒரு குறித்த நாளில் நோயாளியே தன் குரலில் வாட்ஸ்அப் பதிவு அனுப்பட்டும்: பசி, வாந்தி, பேதி, மலச்சிக்கல், வலி, மூச்சு, இருமல், மரமரப்பு, அசதி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் (தொந்தரவே இல்லை) முதல் நான்கு (மிக மோசம்) வரை ஒரு மதிப்பெண். பிள்ளை அதை எழுதி வைத்து, போன வாரத்தைவிட இரண்டு கூடினால் மருத்துவமனைக்குக் கூப்பிட வேண்டும். பேதிக்கு மட்டும் மதிப்பெண் போதாது, எண்ணிக்கை வேண்டும். கேப்சிடபைன் சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறை கூடிவிட்டால் மாத்திரையை நிறுத்தி அன்றே கூப்பிட வேண்டும். அடுத்த ஓபி வரை காத்திருந்தால் நீர்வற்றிச் சிறுநீரகம் அடிபடும். பிள்ளையே கேட்டுப் பிள்ளையே மதிப்பெண் போட்டால் எல்லாம் ஒன்று, இரண்டு என்றே வரும். வலியைக் குறைத்துச் சொல்வது அம்மாக்களுக்குப் பழக்கம், குறைத்துக் கேட்பது பிள்ளைகளுக்குப் பழக்கம்.

ரத்த கவுன்ட்டில் நடக்கும் குழப்பம் தனி. அடுத்த கீமோவுக்கு ஓரிரு நாள் முன் ஊர் லேபில் டெஸ்ட் எடுத்து எண்களை அனுப்பச் சொல்வார்கள். ஒரு லேப் வெள்ளணுவை 2400 என்று எழுதும், இன்னொன்று 2.4 என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான். தட்டணு 1.2 லட்சம் என்பதும் 120 என்பதும் அப்படியே. கையால் தட்டச்சு செய்யாமல் ரிப்போர்ட்டையே அனுப்புவது இதனால்தான். மருத்துவர் முதலில் பார்ப்பது வெள்ளணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை: 2400-இல் 40 சதவீதம் நியூட்ரோஃபில் என்றால் 960. பெரும்பாலான கீமோவுக்கு அது 1000-க்கோ 1500-க்கோ மேலும், தட்டணு ஒரு லட்சத்துக்கு மேலும் இருக்க வேண்டும் என்பார்கள். மொத்த வெள்ளணுவை மட்டும் போனில் சொல்லிவிட்டு ரயிலேறினால், அங்கே போய்த் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

அலாரம் அறியாத ஓய்வு வாரம்

மாத்திரைக் கீமோ வந்தபின் அலாரம் வைக்காத வீடில்லை. கேப்சிடபைன் வழக்கமாக 14 நாள் காலை மாலை, சாப்பிட்ட 30 நிமிடத்துக்குள். பிறகு 7 நாள் ஓய்வு. தினசரி அலாரத்துக்கு ஓய்வு வாரம் தெரியாது. அது அடித்துக்கொண்டே இருக்கும், பெரியவர் விழுங்கிக்கொண்டே இருப்பார். நாட்காட்டிச் செயலியில் தினமும் என்று போட்டு, முடியும் தேதியைப் பதினான்காம் நாளாகக் குறியுங்கள். அடுத்த சுற்றை மருத்துவர் சொன்னபின் மட்டும் புதிதாகப் போடுங்கள், தானாக 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும்படி விடாதீர்கள். கவுன்ட் குறைந்து ஒரு வாரம் தள்ளினால் தானியங்கி நினைவூட்டல் உங்களைத் தவறாக நடத்தும். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் பராமரிப்புக் காலத்தில் மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை. இந்த இரண்டும் ஒரே அலாரத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு வேறு ஒலி, கிழமையின் பெயரே தலைப்பு. டமாக்சிஃபென் மாதிரி ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிடும் மாத்திரைக்குச் சாதாரண அலாரமே போதும்.

பாக்ளிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் எடுப்பவர்களுக்கு விரல்நுனி மரத்துப்போகலாம். தொட்டதை உணராமல் ஒரே பொத்தானை மூன்று முறை அழுத்துவார்கள், "போனே சரியில்லை" என்று ஓரம் வைத்துவிடுவார்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், தொடு பேனா ஒன்று வாங்குங்கள், தமிழில் பேசினால் எழுதும் விசைப்பலகையைப் பழக்குங்கள். சிஸ்பிளாட்டின் சிலருக்குக் காது கேட்கும் திறனைக் குறைக்கும். அவர்களுக்கு அழைப்பைவிட எழுத்துச் செய்தி மேல். குரல்வளை எடுத்தவர்களும் நாக்கில் அறுவை செய்தவர்களும் மருத்துவமனையின் உதவி எண்ணைக் கூப்பிட்டு என்ன பேசுவார்கள்? அவர்களுக்குச் செய்தி அனுப்பும் எண் உண்டா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் கிடைக்காது.

நோயை மறைக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் 'கட்டி', 'அல்சர்' என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட் எஸ்எம்எஸ் அவர் போனுக்குப் போய்விடக்கூடாதே என்று எண்ணையே மாற்றிக் கொடுக்கிறார்கள். அவர் மாத்திரை அட்டையின் பெயரை யூடியூபில் தேடி, மூன்றாவது காணொளியில் தெரிந்துகொள்கிறார். கூடவே முள்சீத்தாவும் கோமியமும் பரிந்துரையாக வருகின்றன. உண்மையை எப்போது, எவ்வளவு சொல்வது என்பது மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையாவது நோயாளியிடம் மறைக்காதீர்கள். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் அவர்தான்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளில் ரிப்போர்ட்டைப் போட்டு விளக்கம் கேட்பது இப்போது சகஜம். பெயர், பதிவு எண், ஆதார் தெரியும் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள். சொற்களுக்குப் பொருள் கேட்கலாம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்கலாம். மருந்தின் அளவையோ, நிறுத்தலாமா என்பதையோ அதனிடம் கேட்காதீர்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கும் நிதி திரட்டும் தளத்துக்கும் ரிப்போர்ட் போகும்போது இதே வெட்டு தேவை. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் முகமூடி ஆதார் போதும். நிதி திரட்டும் அறிவிப்பைப் பார்த்து "பணம் அனுப்புகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று கூப்பிடுவோர் உண்டு. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

வீடியோவில் எது முடியும், எது முடியாது

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம். சளி, பிரஷர், சர்க்கரை, மலச்சிக்கல் போன்ற இடைக்காலத் தொல்லைகளுக்குப் பயன்படும். கீமோ முடிவுகளை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கவுன்ட் பார்ப்பது, மாத்திரையின் பக்கவிளைவைப் பேசுவது, ஸ்கேன் முடிவை விளக்குவது, சிகிச்சை முடிந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரிப்பது இவையெல்லாம் வீடியோவில் ஓடும். கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்ப்பது, வாய்க்குள் விரலிட்டுப் பார்ப்பது, போர்ட் கழுவுவது ஓடாது. அழைப்புக்கு முன் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள்; முதுகுக்குப் பின் வெளிச்சம் இருந்தால் மஞ்சள் காமாலைகூடத் தெரியாது. புண்ணையோ தோல் உரிதலையோ முன்பே தெளிவாகப் படமெடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து அனுப்பினால் அளவு புரியும். கேள்வி மூன்றை எழுதி வையுங்கள், அதற்கு மேல் நேரம் இருக்காது.

வலி மருந்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தர மருத்துவருக்கு அனுமதியில்லை. மார்ஃபின் அதில் அடக்கம், டிரமடாலும்தான். வெள்ளிக்கிழமை இரவு மாத்திரை தீர்ந்தபின் வீடியோவில் கெஞ்சிப் பயனில்லை. அவர் மறுப்பது மனமில்லாமல் அல்ல. ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். நோயாளியால் பயணிக்க முடியாவிட்டால், வீட்டார் ஒருவர் பழைய சீட்டும் அடையாள அட்டையும் நோயாளியின் நிலையைக் காட்டும் சிறு வீடியோவும் எடுத்துக்கொண்டு வலித்தணிப்புப் பிரிவுக்குப் போனால் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலித்தணிப்புச் செவிலியர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு வருவார்கள். எந்தக் கிழமை வருவார்கள், அன்று வராவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதையும் பதியும்போதே கேட்டு, நோயாளியின் போனிலும் உங்கள் போனிலும் சேமித்துவிடுங்கள்.